ஒரு மாத்திரை, மூன்று அமைச்சகங்கள்

2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தலைநகர் தில்லியில் இரண்டு ஆவணங்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஒன்று, ராம்கோபால் யாதவ் தலைமையிலான சுகாதாரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் 139-ஆவது அறிக்கை. புற்றுநோய் மருந்துகளின் விலையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், புற்றுநோயை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்க வேண்டும் என்றெல்லாம் அது வலியுறுத்தியது. மற்றொன்று, அப்போதைய சுகாதார அமைச்சர் மன்சுக் மாண்டவியா 13-ஆம் தேதி வெளியிட்ட தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியல். மொத்தம் 384 மருந்துகள். புதிதாக இடம்பெற்ற புற்றுநோய் மருந்துகள் நான்கு. அதே மாதத்தில், தனக்குத் தேவையான ஒரு மாத்திரைக்காகக் கேரள உயர் நீதிமன்றத்தின் படியேறியிருந்த பெண் ஒருவர், வழக்கு முடிவதற்கு முன்பே காலமானார். அவர் கேட்ட மருந்து அந்த நான்கில் ஒன்றல்ல.

ஓய்வூதியத்தில் வாழ்ந்த அந்தப் பெண்ணின் மனுவில் இருந்த கணக்கு எளிமையானது. சிகிச்சைக்கு மாதம் ரூ.63,480 தேவை. அதில் ரைபோசிக்லிப் என்ற ஒரு மருந்துக்கு மட்டும் ரூ.58,140. குடும்பத்தின் மாத வருமானம் ரூ.74,400. மருந்துச் செலவு போக மிஞ்சுவது ரூ.10,920. இந்த மருந்துக்குக் காப்புரிமை இருப்பதால் இந்திய நிறுவனங்கள் இதைத் தயாரிக்க முடியவில்லை. மத்திய அரசு தனக்குள்ள அதிகாரத்தைப் பயன்படுத்திக் கட்டாய உரிமம் வழங்கினால் விலை குறையும் என்பதே அவரது வாதம். மனுதாரர் இறந்த பிறகு வழக்கை முடித்துக்கொள்வதுதான் வழக்கமான நடைமுறை. நீதிபதி வி.ஜி. அருண் அவ்வாறு செய்யவில்லை. பொது நலன் கருதி, தாமாக முன்வந்து விசாரிக்கும் வழக்காக அதை நீதிமன்றம் தொடர்ந்தது.

மார்பகப் புற்றுநோய்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோன்களை உணவாகக் கொண்டு வளர்பவை. ஹார்மோனைத் தடுக்கும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் பல ஆண்டுகளாக மலிவு விலையில் கிடைக்கின்றன. ஆனால், நோய் எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவிய நிலையில் அவை மட்டும் நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. புற்றுச் செல்லைப் பிளந்து பெருகத் தூண்டும் இரண்டு புரதங்களைக் குறிவைத்து முடக்குவது ரைபோசிக்லிப்பின் வேலை. இதற்காக மருத்துவமனையில் படுக்க வேண்டியதில்லை. 21 நாள்கள் தினமும் மூன்று மாத்திரைகள், பிறகு ஏழு நாள்கள் இடைவெளி. நோய் கட்டுக்குள் இருக்கும் வரை இந்தச் சுற்றுத் தொடர வேண்டும். இது நோயை முற்றிலும் ஒழிக்கும் மருந்தல்ல. ஆயுளை நீட்டிக்கும் மருந்து.

எவ்வளவு நீட்டிக்கும் என்பதற்கும் விடை இருக்கிறது. லெட்ரோசோலுடன் ரைபோசிக்லிப்பும் பெற்ற பெண்களின் இடைநிலை ஆயுள் 63.9 மாதங்கள், லெட்ரோசோல் மட்டும் பெற்றவர்களுக்கு 51.4 மாதங்கள் என்ற ஆய்வு முடிவு 2022 மார்ச்சில் வெளியானது. வித்தியாசம் ஓராண்டுக்கும் மேல். இதே வகையைச் சேர்ந்த, இதற்கு முன்னரே வந்த பால்போசிக்லிப்பின் காப்புரிமை இந்தியாவில் 2023 ஜனவரியில் காலாவதியானது. உடனே இந்திய நிறுவனங்கள் களமிறங்கின. விலை பெருமளவு சரிந்தது. அப்படியானால் அதையே கொடுத்துவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். பலருக்கு மருத்துவர்கள் அதைத்தான் தருகிறார்கள். ஆனால், பால்போசிக்லிப்பின் முக்கிய ஆய்வில், ஒட்டுமொத்த ஆயுளில் கிடைத்த கூடுதல் புள்ளியியல் அளவில் உறுதிப்படவில்லை. மலிவான மருந்து ஒருவகைப் பெண்ணுக்கும், ஆயுளை நீட்டிப்பதாக நிறுவப்பட்ட மருந்து வேறு வகைப் பெண்ணுக்கும் என்று ஆகிவிடுகிறது.

மாதம் 74,400 ரூபாய் வருமானம் உள்ள ஒரு குடும்பத்தையே நீதிமன்றத்துக்கு அனுப்பிய விலை, இதே கேரளத்தின் மலைப்பகுதியில் என்ன பொருள்படும் என்பதையும் பார்க்க வேண்டும். இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்குச் சற்று முன்னால் இருக்கிறது பள்ளிவாசல். கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் 1940-இல் இயங்கத் தொடங்கிய ஊர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தலைமுறைகளுக்கு முன்னர் தமிழகத்திலிருந்து மலையேறியவர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே கொழுந்து பறிக்கின்றனர். பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பெண்கள். 2015 செப்டம்பரில் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கி வைத்துவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் மூணாறு சாலையில் அமர்ந்து போராடியவர்கள் இந்த மலைகளின் பெண்கள்தான். அன்று அவர்களது நாள்கூலி ரூ.232. கேட்டது ரூ.500. கிடைத்தது ரூ.301.

போராடிப் பெற்ற அந்த 301 ரூபாய்க் கூலியில், ஒரு மாத ரைபோசிக்லிப்புக்கு 193 நாள்கள் கொழுந்து பறிக்க வேண்டும். கூலி அதன் பிறகு உயர்ந்திருக்கிறது. இரு மடங்காகிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் 96 நாள்களுக்கு மேல் ஆகும். மாதத்தில் 30 நாள்கள்தான் இருக்கின்றன. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டின் உச்சவரம்பு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். அது முழுவதையும் இந்த ஒரு மாத்திரைக்கே கொடுத்தாலும் ஒன்பதாவது மாதத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும்.

விலை குறைந்துவிட்டால் மலைமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதும் ஏமாற்று வேலைதான். கட்டியைக் கண்டறிய வேண்டும். அது ஹார்மோனால் வளர்வதா என்று திசுவைச் சோதிக்க வேண்டும். மருந்து தொடங்கிய பின் ரத்த அணுக்களையும் கல்லீரலையும் இதயத் துடிப்பையும் கண்காணிக்க வேண்டும். பள்ளிவாசலிலிருந்து இதற்காக மலையிறங்கிக் கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கோ, மறுபுறம் போடிமெட்டு வழியாகத் தேனிக்கோ மதுரைக்கோ போக வேண்டும். போகும் ஒவ்வொரு நாளும் கூலி இழப்பு. ஆனால் இவை மாநில அரசுகளும் தோட்ட நிர்வாகங்களும் முனைந்தால் தீரக்கூடிய குறைகள். மாத்திரையின் விலை அப்படியல்ல. அதை மாற்றும் அதிகாரம் தில்லியில் மட்டுமே இருக்கிறது.

அந்த அதிகாரம் எப்படி வந்தது என்பதில் ஒரு தமிழரின் பங்கு உண்டு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து பின்னர் உச்ச நீதிமன்றம் சென்ற என். ராஜகோபால ஐயங்கார், 1959-இல் மத்திய அரசுக்கு அளித்த அறிக்கைதான் 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்துக்கு அடித்தளம். மருந்து என்ற பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உண்டு என்று அச்சட்டம் வரையறுத்ததால்தான் இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி 2005 முதல் பொருளுக்கும் காப்புரிமை அளிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. அதற்கான அவசரச் சட்டம் 2004 டிசம்பர் இறுதியில், சுனாமி தாக்கிய அதே வாரத்தில் பிறப்பிக்கப்பட்டதால் தமிழகத்தில் யார் கவனத்திலும் படவில்லை. பின்னர் 2005 மார்ச்சில் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, இடதுசாரிகளின் ஆதரவில் நின்ற மன்மோகன் சிங் அரசு திருத்தங்களை ஏற்க வேண்டியதாயிற்று. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதுக் காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் 3(டி) பிரிவு அவ்வாறு வலுப்பெற்றதுதான். கட்டாய உரிமம் பற்றிய பிரிவுகளும் சட்டத்தில் நிலைத்தன.

அந்தப் பிரிவுகளின் கீழ் ஒரே ஒருமுறைதான் உரிமம் வழங்கப்பட்டது. சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்களுக்கான நெக்சவார் மருந்தை ஜெர்மனியின் பேயர் நிறுவனம் மாதம் ஏறத்தாழ ரூ.2.80 லட்சத்துக்கு விற்றது. காப்புரிமைத் தலைமைக் கட்டுப்பாட்டாளராக இருந்த, கேரளப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி பி.எச். குரியன், 2012 மார்ச் 9-இல் ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கினார். விலை ரூ.8,800 ஆனது. பேயருக்கு 6 சதவீத உரிமத் தொகை. மேல்முறையீட்டில் அது 7 சதவீதமானது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றும் உரிமம் நிலைத்தது. வானம் இடிந்து விழவில்லை. பேயர் இந்தியாவைவிட்டு வெளியேறவும் இல்லை.

அதன் பிறகு ஓர் உரிமம்கூட வழங்கப்படவில்லை. நாட்கோவுக்குக் கிடைத்தது, ஒரு நிறுவனம் விண்ணப்பித்துப் போராடிப் பெறும் 84-ஆவது பிரிவின் கீழான உரிமம். 92-ஆவது பிரிவு வேறு. தேசிய நெருக்கடி, மிக அவசர நிலை ஆகியவை மட்டுமன்றி, லாப நோக்கற்ற பொதுப் பயன்பாட்டுக்காகவும் மத்திய அரசே அறிவிக்கை வெளியிடலாம் என்கிறது அது. 100-ஆவது பிரிவின்படி அரசே அந்தக் கண்டுபிடிப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம். 92-ஆவது பிரிவின் கீழ் மூன்று புற்றுநோய் மருந்துகளுக்கு உரிமம் வழங்கலாம் என்று சுகாதார அமைச்சகத் தரப்பு 2013-இல் பரிந்துரைத்தது. தொழில் கொள்கைத் துறை விளக்கங்கள் கேட்டது. கோப்பு அங்குமிங்கும் போனது. அறிவிக்கை வரவேயில்லை. கரோனா காலத்தில் நடந்தது இதைவிட விந்தை. 2020 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவுடன் கைகோத்து, காப்புரிமைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று உலக வர்த்தக அமைப்பில் முழங்கியது இந்தியா. உள்நாட்டில் கட்டாய உரிமத்தைப் பயன்படுத்தலாமே என்று உச்ச நீதிமன்றம் கேட்டபோது, அது எதிர்விளைவையே தரும் என்று 2021 மே மாதத்தில் அதே அரசு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது.

தயக்கத்துக்குக் காரணங்கள் இல்லாமலில்லை. அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் ஆண்டுதோறும் இந்தியாவை முன்னுரிமைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்து மிரட்டுகிறது. ஆராய்ச்சிக்குச் செலவிட்டவன் அதைத் திரும்ப எடுக்க வேண்டாமா என்று நிறுவனங்கள் கேட்கின்றன. நியாயமான கேள்விதான். மூலக்கூறை உருவாக்கி, ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்துப் பார்த்தது நிறுவனங்கள்தாம். எனினும், செல் பிளவை இயக்கும் புரதங்களைக் கண்டறிந்ததற்காக 2001-இல் நோபல் பரிசு பெற்ற ஹார்ட்வெல், ஹண்ட், நர்ஸ் ஆகிய மூவரும் எந்த மருந்து நிறுவனத்தின் ஊழியர்களும் அல்லர். மேலும், கட்டாய உரிமம் என்பது பறிமுதல் அல்ல. உரிமத் தொகை தந்தாக வேண்டும்.

உண்மையான முட்டுக்கட்டை தில்லியின் நிர்வாக அமைப்பிலேயே இருக்கிறது. காப்புரிமை, வர்த்தக அமைச்சகத்தின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறையின் கையில். மருந்து விலை, ரசாயனம் மற்றும் உர அமைச்சகத்தின் கையில். நோயாளி, சுகாதார அமைச்சகத்தின் கணக்கில். விலையைப் பற்றி உறுப்பினர் ஒருவர் சுகாதார அமைச்சகத்திடம் கேட்டால், அது தங்கள் அமைச்சகம் சார்ந்ததல்ல என்று சொல்ல அதற்கு வசதியிருக்கிறது. காப்புரிமை பெற்ற மருந்துகளின் விலையைப் பேசி முடிவு செய்வதற்கென 2007-இல் அமைக்கப்பட்ட குழு, அறிக்கை தர 2013 வரை எடுத்துக்கொண்டது. 2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக லாபத்துக்கு 30 சதவீத உச்சவரம்பு வந்தது. அது இடைத்தரகரின் லாபத்தைக் குறைத்ததே தவிர, காப்புரிமை பெற்றவர் நிர்ணயிக்கும் விலையைத் தொடவில்லை. 2024 ஜூலை பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்க வரியை நீக்கினார். வரவேற்கத்தக்கதே. வரியை நீக்குவதற்கு ஒரு கையெழுத்துப் போதும். எந்த நாட்டுத் தூதரும் கோபிக்க மாட்டார்.

கேரள அரசு தன் எல்லைக்குள் செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் காருண்யா மருந்தகங்களில், லாபமின்றிப் புற்றுநோய் மருந்துகளை விற்கும் தனிப் பிரிவுகள் மாவட்டத்துக்கு ஒன்றாகத் திறக்கப்பட்டன. ஆனால் லாபத்தைக் கழித்தாலும் அடக்க விலை அப்படியே நிற்கும்போது மாநிலத்தால் அதற்கு மேல் இறங்க முடியாது.

2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்கள் 1.92 லட்சம், இறந்தவர்கள் 98 ஆயிரத்துக்கும் மேல். எல்லா மருந்துக்கும் கட்டாய உரிமம் வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஆயுளை நீட்டிப்பது நிரூபணமான, மாற்று இல்லாத காப்புரிமை மருந்து எது என்று சுகாதார அமைச்சகம் பெயர் சொல்ல வேண்டும். விலை குறித்து நிறுவனத்துடன் பேச ரசாயன அமைச்சகத்துக்குக் கெடு வேண்டும். பேச்சு தோற்றால் 92-ஆவது பிரிவா, 100-ஆவது பிரிவா, அல்லது இரண்டுமே இல்லையா என்பதைக் காரணங்களுடன் எழுத்துப்பூர்வமாக வர்த்தக அமைச்சகம் சொல்ல வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 2005-இல் இரு அவைகளும் நிறைவேற்றியதே போதும். அடுத்த கூட்டத்தொடரில் இது கேள்வி நேரத்துக்கு வந்தால், மூன்று அமைச்சகங்களின் சார்பில் எழுந்து பதில் சொல்லப்போவது யார் என்பதையாவது அரசு முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளட்டும்.