மண் இல்லாத வீடு

இங்கிலாந்தில் இருக்கும் என் மகளும் மாப்பிள்ளையும் கடற்கரைப் பூங்கா ஒன்றில், ஒரே இடத்தில் நிற்கும் 'கேரவன்' வாங்கப் போகிறார்களாம். விடுமுறைக்கு ஒரு வீடு என்று மகிழ்ந்தேன். ஒப்பந்தத்தை அவள் படித்துக் காட்டியதும் மகிழ்ச்சி வடிந்தது. வண்டி மட்டுமே நமது, மண் பூங்காக்காரருடையது. அதற்கு ஆண்டுதோறும் கட்டணம். நிரந்தரமாகக் குடியிருக்கவும் கூடாது. ஒப்பந்தக் காலம் முடிந்தால் அகற்ற வேண்டியதுதான். (சக்கரம் இருக்கிறதே என்று காரில் கட்டி இழுக்க முடியாது, லாரியில்தான் ஏற்றவேண்டும்!) மனையின் விலை ஏறும், இதன் விலையோ ஆண்டுக்கு ஆண்டு இறங்கும்.

மாதுங்காவில் முப்பது ஆண்டுகள் வாடகைக்கு இருந்தவன் நான். அடுத்தவர் மண்ணில் படுத்துறங்கும் கவலை எனக்குத் தெரியும். அதைச் சேமிப்பைக் கொட்டி வாங்குவானேன்? பேரப்பிள்ளைகள் கேட்பது கடலைத்தானே! ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள் என்றேன். மாப்பிள்ளைக்கு வருத்தம்தான்.