புல்லட்டுக்கு 'கிட்' மாட்டப் போறீங்களா? ஒரு நிமிஷம் நில்லுங்க

எங்க குடியிருப்புல ஒரு கோயமுத்தூர் தம்பி இருக்கான். புனே வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. என்னை மாதிரியே பொட்டி தட்டற பொழப்பு. போன மாசம் ஊர்ல இருந்து அவங்க அப்பாவோட பழைய புல்லட்டை ரயில் பார்சல்ல போட்டு, சாக்கு சுத்தி, பெட்ரோலை வடிச்சு, பத்திரமா கொண்டு வந்து இறக்கினான். வார்ப்பிரும்பு இன்ஜின், வலது கால் கியர், இடது கால் பிரேக். பார்த்ததும் எனக்குக் கண்ணுல தண்ணி வராத குறை.

வண்டி வந்து ஒரு வாரம் ஆகலை, லேப்டாப்போட வீட்டுக்கு வந்துட்டான். "அண்ணா, இந்த கஃபே ரேசர் கிட் பாருங்ணா. 38,000 ரூபாதான். எல்லாமே போல்ட் ஆன். ஸ்பேனர் இருந்தா போதும், வெல்டிங்கே வேண்டாமாம்."

அன்னிக்கு டீ கொடுத்து அனுப்பிட்டேன். மனசுக்குள்ள இருந்ததை இங்க கொட்டிடறேன். ஏன்னா இது அவன் ஒருத்தன் கதை இல்லை. ஊரை விட்டு வந்த வீடுகள்ல அப்பாவோட வண்டி, மாமாவோட வண்டின்னு கீழ பார்க்கிங்ல தூசி படிஞ்சு நிக்கிறது நிறைய. அதைப் பார்த்து நம்ம பசங்களுக்கு இந்த ஆசை வந்துட்டே இருக்கு.

அந்தப் படத்துல இருக்கற கிட்டை எடுத்துக்கங்க. ஒத்தை சீட்டு, பின்னாடி ஒரு திமில். ஃபோர்க்ல மாட்டற குட்டை ஹேண்டில் பார். பின்னுக்குத் தள்ளின ஃபுட்ரெஸ்ட். உருண்டை ஹெட்லைட். குட்டி சைலன்ஸர். கூம்பு வடிவ ஏர் ஃபில்டர். இதை முடுக்கினா வேலை முடிஞ்சதாம்!

பழைய ஸ்டாண்டர்ட் புல்லட்டோட முன்பக்கத்தை ஒரு தடவை உத்துப் பாருங்க. ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், அம்மீட்டர், ரெண்டு சின்ன பைலட் விளக்கு, எல்லாம் ஒரே வார்ப்புக்குள்ள உக்காந்திருக்கும். அது வெறும் மூடி இல்லைங்க. ஃபோர்க்கோட மேல் பிடிப்பே அதுதான். அதைக் கழட்டாம குட்டை ஹேண்டில் வராது. கழட்டினா வேற மாடல் புல்லட்டோட மேல் பிளேட், அதுக்கு ஏத்த ஹெட்லைட் பிடி, மீட்டருக்கு ஒரு பிடி, நீட்டவோ குறைக்கவோ வேண்டிய கேபிள், வயரிங்ல பாதி. இது எதுவும் 38,000ல இல்லை.

ஃபுட்ரெஸ்ட் கதை இன்னும் சுவாரசியம். சந்தையில வர்றதுல முக்கால்வாசி இடது கால் கியர் வண்டிக்கானது. நம்ம வண்டியில கியர் வலது பக்கம், முதல் கியர் மேலே, மத்ததெல்லாம் கீழே. பின்னாடி தள்ளி லிங்க் ராடு வெச்சா மேல கீழ தலைகீழாயிடும். இருபது வருஷம் பழகின கால் அவசரத்துல எந்தப் பக்கம் போகும்னு நினைச்சுப் பாருங்க. பிரேக்குக்கும் இதே கதைதான்.

சைலன்ஸரும் ஏர் ஃபில்டரும் மாத்தினா காத்து கூடும். கார்புரேட்டர்ல ஜெட் மாத்தலைன்னா பெட்ரோல் பத்தாது, ஹெட் சூடேறும், ஒரு நாள் லோனாவாலா ஏத்தத்துல பிஸ்டன் பிடிச்சுக்கும். இந்த ஊர் ஜூலை மழையில அந்தத் திறந்த ஃபில்டர் என்ன பாடு படும்னு தனியா சொல்லணுமா?

அப்புறம் இந்த 'கஃபே ரேசர்' பேரு. 1950, 60கள்ல லண்டன் ஏஸ் கஃபே மாதிரி இடங்கள்ல கூடின பசங்க, வேகத்துக்காக வண்டியில இருந்து எடையைக் கழட்டி எறிஞ்சாங்க. அதுல ஒரு அர்த்தம் இருந்துச்சு. நம்ம புல்லட் 346 சிசி, 18 குதிரைத் திறன். 70 மில்லிமீட்டர் துவாரத்துக்கு 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். மெதுவா, நிதானமா, ரெண்டு பேரையும் ஒரு மூட்டையையும் இழுக்கறதுக்காகப் பிறந்த இன்ஜின். 1950கள்ல நம்ம ராணுவம் இந்த வண்டியை ஆர்டர் பண்ணினது எல்லைக் காவலுக்கு, பந்தயம் ஓட்ட இல்லை. அதுல குனிஞ்சு படுத்துக்கிட்டு 60ல போறது வேகம் இல்லை தம்பி, முதுகு வலி. அந்த உருவம்தான் வேணும்னா 2013ல கம்பெனியே கான்டினென்டல் ஜிடி 535 போட்டுச்சே. பழசு ஒண்ணு தேடி வாங்கு. அப்பா வண்டியை விட்டுடு.

இவ்வளவு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? கொசுவத்தி சுத்துங்க. நானும் மாட்டினவன்தான் :-)

எங்கப்பா வண்டி 1997 மாடல். 2011ல புனேக்குக் கொண்டு வந்தேன். அப்ப பேச்சிலர், கையில சம்பளம், தலையில ஒண்ணும் இல்லை. இதே மாதிரி ஒரு கிட். மாட்டின கடைக்காரர், "இந்த நட்டு உள்ள போகலை சார்"னு சீட்டுக்காகப் பின் ஃபிரேம்ல ரெண்டு காதை கட்டர் போட்டு அறுத்துட்டார். பக்கத்துலதான் நின்னேன், தடுக்கலை. பழைய சீட்டு, சைலன்ஸர், அந்த முன் வார்ப்பு எல்லாத்தையும் பங்கார்காரன்கிட்ட எடைக்குப் போட்டேன். கிடைச்சது 900 ரூபா.

2012ல வண்டிக்குப் பதினஞ்சு வருஷம் முடிஞ்சுது. ஊர்ல என்.ஓ.சி. வாங்கி இங்க மகாராஷ்டிரா நம்பருக்கு மாத்தணும், பதிவையும் புதுப்பிக்கணும். இன்ஸ்பெக்டர் ஆர்.சி.யைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "இருக்கை ரெண்டுன்னு போட்டிருக்கு. ரெண்டாவது எங்கே?" அவர் கேட்டது நியாயம். நாலு மாசம் நானா பேட்டையில கடை கடையா அலைஞ்சு, எடைக்குப் போட்ட அதே சாமான்களை 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். அறுத்த காதை வெல்டிங் வெச்சேன். அந்தத் தழும்பு இன்னிக்கும் இருக்கு.

அந்த நாலு மாசத்துக்கு நடுவுலதான் அப்பா தீபாவளிக்கு வந்தார். கீழ பார்க்கிங்ல போய் வண்டியைச் சுத்தி வந்தார். திட்டலை. "அம்மீட்டர் எங்கப்பா?"ன்னு மட்டும் கேட்டார். அந்த முள்ளு நடுவுக்கு வர்றதைப் பார்த்து, டீகம்ப்ரெஸரை அமுக்கி உதைக்கறதுதான் அவர் எனக்குக் கத்துக்கொடுத்த முதல் பாடம். நான் பதில் சொல்லலை. அவர் வண்டியில ஏறவும் இல்லை.

இன்னிக்கு நிலைமை என்னைவிட உங்களுக்குக் கஷ்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அப்பவே இருந்துச்சு. தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. அதே வருஷச் சட்டத் திருத்தத்துல, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும்கூட சேர்த்து. கிட்ல எத்தனை மாற்றம்னு நீங்களே எண்ணிக்கங்க. இன்ஷூரன்ஸ்காரனுக்குச் சொல்லாம மாத்தியிருந்தா, விபத்துன்னு வர்றப்ப அவன் கையை விரிக்க நாமே வழி பண்ணிக் கொடுத்த மாதிரி.

அப்ப எந்தக் கிட்டுமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணுக்கு என் ஓட்டு உண்டு, மின்னணு இக்னிஷன். பிளாட்டினம் பாயிண்ட் தேயும், இடைவெளி மாறும், அப்புறம் காலை ஆபீஸ் நேரத்துல பத்து உதை. கம்பெனியே பிற்பாடு எலக்ட்ராவுக்கு மின்னணு இக்னிஷன் கொடுத்ததும் சும்மா இல்லை. மூணு ஸ்க்ரூ, ரெண்டு வயர். பிடிக்கலைன்னா அரை மணியில பழசை மாட்டிடலாம். பழைய பாயிண்ட் பிளேட்டை டூல் பாக்ஸ்ல போட்டு வைங்க, வழியில கிட் செத்தா அதுதான் வீடு சேர்க்கும். எனக்கு இதுதான் அளவுகோல்: சனிக்கிழமை மாட்டினதை ஞாயித்துக்கிழமை எதையும் அறுக்காம கழட்டி, பழையபடி நிறுத்த முடியுமா? முடிஞ்சாதான் அது போல்ட் ஆன்.

டிஸ்க் பிரேக் கிட்? அங்கதான் எனக்கும் என் மிஸ்திரிக்கும் சண்டை. அவர் கட்சி, "பஹலே ஜோ ஹை வோ டீக் கரோ சாஹப்", இருக்கறதை முதல்ல சரி பண்ணுங்கன்னு. ட்ரம்மைக் கடைசல் பிடிச்சு, நல்ல லைனிங் போட்டு, கேபிள் மாத்தினதுல என் வண்டி முன்னைவிட நல்லாவே நிக்குது. அவர் ஜெயிச்சுட்டார்னுதான் சொல்லணும்.

தம்பி, இதைப் படிப்பேன்னு தெரியும். அந்த 38,000த்துல ரெண்டு டயர், கோன் செட், ஸ்விங் ஆர்ம் புஷ், பிரேக் ஷூ, முழு வயரிங், இக்னிஷன் கிட், எல்லாம் முடிச்சும் கையில மீதி இருக்கும். அதுல உன் வீட்டம்மாவுக்கு நல்ல ஹெல்மெட் ஒண்ணு வாங்கு, அந்தப் பின் சீட்டு அவங்களோடது. ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்குக் கீழ வர்றேன். ஸ்பேனர் செட்டும் ஃபீலர் கேஜும் என்கிட்ட இருக்கு. காபி மட்டும் உன் வீட்டுல.