அழுகிய கத்திரிக்காயில் கிடைத்த வைரஸ்: காலேஜ் மாணவி பெயர் வைத்த 'மடி' லண்டன் வரை போனது எப்படி?

2010, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக மாணவி ஒருவர், உரக்குழியில் கிடந்த அழுகிய கத்திரிக்காயைப் புரட்டி, அதன் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி லேபுக்கு எடுத்துப் போனார். அதில் ஒரு புதிய வைரஸ் இருந்தது. கண்டுபிடித்தவரே பெயர் வைக்கலாம் என்பதால் 'மடி' என்று வைத்தார். ஆங்கிலத்தில் 'சேறு படிந்தது' என்று அர்த்தம். தமிழில் படித்தால் 'செத்துப் போ' என்றும் வரும். இந்த வைரஸுக்கு அதுவும் பொருத்தம்தான்.

காரணம், இது மனிதரைத் தொடாது. பாக்டீரியாவை மட்டும் கொல்லும். இந்த வகைக்கு பாக்டீரியோஃபேஜ், சுருக்கமாக ஃபேஜ் என்று பெயர்.

மண்ணில் எப்படித் தேடுகிறார்கள்?

பெரிய வித்தை எதுவும் இல்லை. மண்ணைத் திரவத்தில் கலக்கி, பாக்டீரியா புகமுடியாத அளவு நுண்ணிய ஃபில்டரில் வடிகட்டுவார்கள். வைரஸ் மட்டும் கீழே இறங்கும். அதை ஆபத்தில்லாத மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ் கிருமியோடு சேர்த்துத் தட்டில் ஊற்றி, 37 டிகிரி சூட்டில் ஓரிரு நாள் வைப்பார்கள். தட்டு முழுக்கப் பாக்டீரியா பரவியிருக்க, நடுவில் பொட்டுப் பொட்டாய்த் தெளிந்த ஓட்டைகள் தெரிந்தால் ஃபேஜ் சிக்கிவிட்டது. பிறகு அதைத் தனியாகப் பிரிப்பது, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுப்பது, டிஎன்ஏ-வைப் படிப்பது எல்லாம் நடக்கும்.

அமெரிக்காவில் 2008-ல் தொடங்கிய 'சீ-ஃபேஜஸ்' திட்டத்தில், இதை முதலாண்டு மாணவர்களே செய்கிறார்கள். ஏற்கனவே உள்ள பெயர் கூடாது; மற்றபடி கற்பனைக்குத் தடை குறைவு. இந்தக் குடும்பத்தில் 'கார்ன்டாக்' என்று தின்பண்டத்தின் பெயரிலேயே ஒரு ஃபேஜ் உண்டு.

லண்டனில் நடந்தது என்ன?

2018-ல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் 15 வயதுச் சிறுமி. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயால் இரண்டு நுரையீரலும் மாற்றப்பட்டவர். மைக்கோபாக்டீரியம் அப்சஸஸ் என்ற கிருமி உடலெங்கும் பரவியிருந்தது. ஆன்டிபயாடிக் எதுவும் கேட்கவில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரஹாம் ஹாட்ஃபுல்லின் ஃப்ரீசரில் மாணவர்கள் சேர்த்த ஆயிரக்கணக்கான ஃபேஜ்கள் இருந்தன. ஒரு ஃபேஜ் எல்லாக் கிருமியையும் தாக்காது. அதனால் அந்தச் சிறுமியின் கிருமியை வரவழைத்துத் தேடினார்கள். தேறியது மூன்றே மூன்று. மாற்றம் எதுவும் செய்யாமல் நேரடியாகக் கொன்றது 'மடி' மட்டும்.

அமெரிக்காவில் கிடைத்த 'ஸோயிஜே', 'பிபிஎஸ்' இரண்டும் கிருமிக்குள் நுழைந்ததும் கொல்லாமல் பதுங்கிவிடும் ரகம். பதுங்க வைக்கும் மரபணுவை வெட்டியெடுத்துத்தான் அவற்றைக் கொலையாளி ஆக்கினார்கள். இங்கேதான் சென்னை வருகிறது. அந்த வெட்டு வேலைக்கு உதவிய இரண்டு புரதங்களின் மரபணுக்கள் 'செ9சி' என்ற ஃபேஜிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்த ஃபேஜ் கிடைத்தது சென்னையில்; பெயரில் இருக்கும் 'செ'வும் சென்னைதான். நம்மூரில் அதிகம் பேசப்படாத செய்தி இது.

மூன்றையும் கலந்து, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சுமார் 100 கோடி ஃபேஜ்களை நரம்பில் ஏற்றினார்கள். புண்கள் ஆறத் தொடங்கின, கல்லீரல் மேம்பட்டது. கிருமி முழுசாக ஒழிந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2019 மே மாதம் 'நேச்சர் மெடிசின்' இதழில் விவரம் வெளியானது.

அப்போ ஆன்டிபயாடிக் காலம் முடிந்ததா?

இல்லை. அதே குழு பின்னர் 20 நோயாளிகளுக்கு ஃபேஜ் கொடுத்துப் பார்த்தது. 11 பேரிடம் நல்ல பலன். இது ஒப்பீட்டுக் குழு வைத்துச் செய்த சோதனை அல்ல, வேறு வழியில்லாதவர்களுக்குக் கருணை அடிப்படையில் கொடுத்தது. சிலர் உடலில் நோய் எதிர்ப்புச் சக்தியே ஃபேஜைச் செயலிழக்க வைத்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. அப்சஸஸ் கிருமியில் சொரசொரப்பான வகை, வழவழப்பான வகை என இரண்டு. 'மடி'யும் மற்றவையும் கொல்வது முதல் வகையைத்தான். இரண்டாவது வகை இருந்த நோயாளிகளுக்கு, அந்தப் பெரிய ஃப்ரீசரிலும் பொருத்தமான ஃபேஜ் கிடைக்கவில்லை.