சங்கம் வந்தால் ஆலை போய்விடுமா?



நம் அவனியாபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகள் பலர். 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, திருப்பலி முடிந்து வெளியே வந்த பெற்றோர் நம்மிடம் கேட்டது ஒன்றுதான்: "சாமி, இவங்க இப்படிக் கொடி பிடிச்சா கம்பெனிக்காரன் மூடிட்டுப் போயிர மாட்டானா?"

மில் மூடி வீட்டில் உட்கார்ந்தவர்களைப் பார்த்து வளர்ந்த மதுரைக்காரருக்கு இந்த அச்சம் வருவது இயல்பு. ஆனால் நடந்தது என்ன என்று பார்ப்போம்.

ஏறத்தாழ 1,500 தொழிலாளர்கள் 37 நாள்கள் வெளியே நின்றார்கள். அவர்கள் கேட்டவற்றுள் முதலாவது சங்கத்துக்கு அங்கீகாரம். வேடிக்கை என்னவென்றால், இனி 'சங்கம் இல்லாத நிர்வாகம்' என்ற கொள்கை இருக்காது என்று அந்நிறுவனத்தின் தலைவர் லீ ஜே யோங் தம் சொந்த நாடான தென்கொரியாவில் 2020 மே மாதத்திலேயே பகிரங்கமாக அறிவித்திருந்தார். ஸ்ரீபெரும்புதூரில் உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான், 2025 ஜனவரியில், சங்கம் பதிவு பெற்றது. அதே ஏப்ரலில் அந்த ஆலையில் மேலும் 1,000 கோடி ரூபாய் முதலீடு செய்யப்படும் என்ற அறிவிப்பு வந்தது. மே மாதம் ஊதிய ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஆலை எங்கும் போய்விடவில்லை.

அப்படியானால் உண்மையிலேயே போன ஆலைகள் ஏன் போயின? நோக்கியா 2014 நவம்பரில் மூடியதற்கு வரி வழக்கும், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குக் கைமாறியதில் அந்த ஆலை சேர்க்கப்படாமல் போனதும் காரணங்கள். மறைமலை நகரில் ஃபோர்டு 2022இல் உற்பத்தியை நிறுத்தியதற்குப் பத்தாண்டுகளில் 200 கோடி டாலரைத் தாண்டிய நட்டம் காரணம். இரண்டிலும் முடிவு எடுக்கப்பட்டது கடல் கடந்த அலுவலக அறைகளில். சங்கம் அங்கே செய்ய முடிந்தது, போகிறவரிடம் நியாயமான இழப்பீடு கேட்டதுதான். அது சிறிய காரியமல்ல. தனி ஆளாக நின்று கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்?

சங்கங்கள் மீது குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கேரளத்தில் சுமை தூக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கூலி கேட்ட 'நோக்குக்கூலி' முதலீட்டாளர்களை விரட்டியது. அந்த அரசே 2018 மே 1 முதல் அதை ஒழிக்க வேண்டியதாயிற்று. தொழிலாளர் பக்கம் சட்டத்தைத் திருத்திய மாநிலங்களில் ஆலை முதலீடு குறைந்தது என்று பெஸ்லி, பர்ஜெஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2004இல் எழுதினார்கள். அவர்கள் மாநிலங்களைப் பிரித்த முறையே சரியில்லை என்று நம் நாட்டு ஆதித்ய பட்டாச்சார்ஜி மறுத்தார். வாதம் இன்னும் முடியவில்லை. திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் 1981இல் வெளியிட்ட உழைப்பு பற்றிய சுற்றுமடலில் சங்கத்தையும் வேலைநிறுத்தத்தையும் உரிமையென ஏற்றுக்கொண்டு, கட்சிகளோடு மிக நெருங்கிவிட வேண்டாம் என்றும் எச்சரித்தார். நம் ஊர் ஆலை வாசல்களில் கட்சிக்கொரு கொடிக்கம்பம் நிற்பதைப் பார்த்தால் அந்த எச்சரிக்கை நினைவுக்கு வரும்.

நம் மதுரைக்கும் இதில் ஒரு கதை உண்டு. 1918இல் ரோசாப்பூ துரை என்று மக்கள் அழைத்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப், ஹார்வி மில் தொழிலாளரைக் கூட்டி மதுரைத் தொழிலாளர் சங்கம் அமைக்க உதவினார். கூலி கூடிற்று, வேலை நேரம் குறைந்தது. பிறகு நிர்வாகமும் ஆங்கில அரசும் சேர்ந்து அச்சங்கத்தை முடக்கின. மில்லோ அதன்பின் பல பத்தாண்டுகள் ஓடியது.

நம்மை அதிகம் வருத்துவது வேறொன்று. இன்று நாட்டின் ஆலைத் தொழிலாளரில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள். அவர்களை வேலையை விட்டு நீக்க ஆலையை மூட வேண்டியதில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் போதும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, ஆள்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி பெற வேண்டிய வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆகிவிட்டது. கப்பலூர் தொழிற்பேட்டையில் இருப்பவை போன்ற சிறு ஆலைகள் பழைய வரம்புக்குள்ளேயே பெரும்பாலும் வந்ததில்லை. நிரந்தரத் தொழிலாளருக்காகப் போராடும் சங்கங்கள், அதே இயந்திரத்தில் பக்கத்தில் நின்று பாதிச் சம்பளத்துக்கு உழைக்கும் ஒப்பந்தப் பிள்ளையை உறுப்பினராகச் சேர்க்கத் தயங்குவதும் உண்டு. முதலாளி தரும் முதல் துண்டிப்பு அந்தப் பிள்ளைக்குத்தான் என்பது சங்கத்தினருக்கும் தெரியும்.

புதிய சட்டத் தொகுப்புகளில் ஒரு நல்ல அம்சம், எல்லாத் தொழிலாளருக்கும் பணி நியமனக் கடிதம் தரவேண்டும் என்பது. பிள்ளையை வேலைக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர் இந்த வாரம் தொலைபேசியில் பேசும்போது சாப்பிட்டாயா என்று கேட்டபின் அந்தக் கடிதம் கைக்கு வந்ததா, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை கிடைத்தனவா என்றும் கேளுங்கள். இல்லை என்றால், ஒப்பந்தக்காரர் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். தொழிலாளர் துறைக்கு மனு எழுத உதவுகிறோம்.