ஒரு பேராசிரியையும் ஒரு முழங்காலும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நம் அவிநாசிபாளையம் பக்கம் எல்லாப் பெற்றோருக்கும் கம்ப்யூட்டர் பிரிவுதான் வேண்டும். "மெக்கானிக்கலுங்களா? லேத்தும் கிரீஸும் எதுக்குங்க?" என்கிறார்கள். அவர்களுக்கு நான் ஒரு பெயர் சொல்வதுண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் மெக்கானிக்கல் துறைப் பேராசிரியை சுஜாதா ஸ்ரீனிவாசன்.

இயந்திர உறுப்புகள் எப்படி அசைகின்றன என்பது அவருடைய துறை. கேட்க வறட்சியாக இருந்தாலும் நம் ஊருக்கு அது புதிதல்ல. கால்மிஷினில் தையற்காரர் மிதியை அழுத்தினால் கம்பி ஏறி இறங்கிச் சக்கரம் சுழல்கிறது. விசைத்தறியில் தண்டு சுழன்றால் பலகை முன்னும் பின்னும் ஆடி ஊடை நூலை அடிக்கிறது. முனையோடு முனை கோத்த சில துண்டுகள்தான் இரண்டிலும் வேலை செய்கின்றன.

செயற்கை முழங்காலுக்கும் இதே கணக்கு உதவுகிறது. கதவுக் கீல் மாதிரி ஒரே அச்சில் மடங்கும் முழங்கால், மேடுபள்ளத்தில் சட்டென்று மடங்கி ஆளைக் கீழே தள்ளிவிடலாம். துண்டுகளைக் கோத்துச் செய்தால் மடங்க மடங்க அச்சும் நகர்கிறது. ஊன்றும்போது உறுதியாக நிற்கும், உட்காரும்போது நன்றாக மடங்கும். 2022இல் அவருடைய குழு இப்படி ஒரு முழங்காலைக் 'கடம்' என்ற பெயரில் கொண்டுவந்தது. அது 160 டிகிரி வரை மடங்கும். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஏறி உட்காருகிறவருக்கு அதன் அருமை தெரியும்.

அதற்கு முன்பே, உட்கார்ந்தவரை எழுப்பி நிறுத்தும் 'அரைஸ்' சக்கர நாற்காலி 2019இல் வந்தது. அவரும் ஒரு பழைய மாணவரும் தொடங்கிய நியோமோஷன் நிறுவனம், நாற்காலியை மோட்டார் வண்டியாக்கும் 'நியோபோல்ட்' என்ற இணைப்பைச் செய்கிறது. ஒருமுறை சார்ஜ் செய்தால் 25 கிலோமீட்டர் வரை ஓடும்.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இங்கே ஆம்புருவாஸ் பாரே நினைவுக்கு வருகிறார். 16ஆம் நூற்றாண்டில், நாவிதத் தொழிலிலிருந்து ராணுவ அறுவை மருத்துவரானவர். காலிழந்த வீரர்களுக்கு மடங்கும் செயற்கைக் கால் வேண்டும் என்று நினைத்தார். அவர் தனியாகச் செய்யவில்லை. பாரீஸில் பூட்டு செய்யும் தொழிலாளி ஒருவர் கைகொடுத்தார்.

நான் ஆபீசில் சர்வீஸ் ரிஜிஸ்டர் எழுதியவன். எத்தனை வருடம், எத்தனை இன்கிரிமென்ட் என்பதற்கெல்லாம் அதில் கட்டம் உண்டு. அவரால் யாருக்கு என்ன நன்மை என்பதற்குக் கட்டம் கிடையாது. பேராசிரியர்களையும் இன்று கட்டுரை எண்ணிக்கையால்தான் அளக்கிறோம். கட்டுரை வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கு சரியாக இல்லாவிட்டால் முழங்கால் நிற்காது. ஆனால் கணக்கு காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது.

திருப்பூர், கோவை வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை, பட்டறைகளுக்கும் குறைவில்லை. இருந்தும் கடைசி வருட புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு காலில்லாத டெய்லர் பவர் மிஷினை எப்படி ஓட்டுவார் என்று ஒரு மாணவன் யோசிக்கட்டும். வாத்தியார் கணக்குப் போட்டுக் கொடுக்கட்டும், லேத்துக்காரர் கடைந்து கொடுக்கட்டும்.

உங்கள் பேரனோ பேத்தியோ ஆசைப்பட்டு மெக்கானிக்கல் கேட்டால் தடுக்காதீர்கள். யாரோ ஒருவர் எழுந்து நடக்க அந்தப் படிப்பு உதவலாம்.