வீட்டுக் கூடுகை இரண்டாந்தரமா?

கோவிலும் பட்டம் பெற்ற ஆயரும் இருந்தால்தான் சபை, வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துக் கூடுவது வெறும் ஜெபக்கூட்டம் என்ற எண்ணம் தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. பிள்ளைகள் சத்தம் போடுகிற இடத்தில் ஆராதனை நடக்காது என்பது அதன் கூடப்பிறந்த எண்ணம். இரண்டுமே பிழை. அந்தமானில், ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாறிய போர்ட் பிளேயரை அடுத்துள்ள புரோத்ராபூர் போன்ற ஊரில் இந்தப் பிழையால் நஷ்டமும் உண்டு.

வேதாகமத்தை வைத்தே பார்க்கலாம். ரோமர், கொலோசெயர், பிலேமோன் நிருபங்களில் பவுல் வாழ்த்து அனுப்பும் சபைகள் யாரோ ஒருவருடைய வீட்டில் கூடியவை. சிரியாவின் துரா யூரோப்பஸில் தோண்டியெடுக்கப்பட்ட, 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆராதனை இடம் ஒரு சாதாரணக் குடியிருப்பு வீடு. இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை எடுத்துக் கூடமாக்கியிருந்தார்கள். பெரிய ஆலயங்கள் எழுந்தது 4ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் அரசனின் ஆதரவு கிடைத்த பிறகு. தமிழ் மண்ணிலும் வரிசை இதுதான். தஞ்சாவூரில் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பிய மயிலாடி வேதமாணிக்கம், முதலில் தம் உறவினரையே ஒன்றுசேர்த்தார். ஜெர்மானிய மிஷனெரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806இல். கோவில் எழுந்தது 1809இல். கூடுகை இரண்டுக்கும் மூத்தது.

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் கதை இன்னும் தெளிவானது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் அரசின் முகவராக இருந்தவர் வேதப்பன் சாலமோன் என்ற உபதேசியார். அவர் சிறுவர்களைக் கூட்டி எழுத்தும் வேதமும் கற்பித்தார். அவர்களில் ஒருவர் ஜான் ரிச்சர்ட்சன். மாண்டலேயில் படித்துத் திரும்பிய அவர் புதிய ஏற்பாட்டை நிக்கோபாரியில் மொழிபெயர்த்தார், 1950இல் பேராயரானார், முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினராகவும் போனார். இன்று ஏறத்தாழ முழுத் தீவும் கிறிஸ்தவம். அதன் தொடக்கம், பட்டம் பெறாத ஒருவரைச் சுற்றி உட்கார்ந்த சில பிள்ளைகள். துஹெட் எனப்படும் கூட்டுக்குடும்பமே அடிப்படையான அந்தச் சமூகத்தில், குடும்பத்தை ஒதுக்கிவைத்து எந்த ஆராதனையும் வேர்பிடித்திருக்காது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோரக் கிராமங்களை அழித்தபோது, உயிர் தப்பியவர்கள் உள்பகுதிக்குப் போய்த் தகரக் கொட்டகைகளில் குடியேறினார்கள். சபை கலைந்துபோகவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் பலரும் ஞாயிறு பள்ளியைச் சாட்சிக்கு இழுப்பார்கள்: அவர்களுக்குத்தான் தனி ஏற்பாடு இருக்கிறதே, பெரியவர்களோடு எதற்கு? இங்கிலாந்தின் குளொஸ்டரில் 1780இல் ராபர்ட் ரெய்க்ஸ் முன்னின்று தொடங்கிய அந்தப் பள்ளி, வாரம் முழுவதும் வேலை செய்த ஏழைச் சிறுவர்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க ஏற்பட்டது. பெரியவர்கள் அமைதியாகப் பிரசங்கம் கேட்பதற்குப் பிள்ளைகளை அப்புறப்படுத்தும் வழியாக அதை மாற்றியது பிற்காலத்து வசதி. பத்து வயது வரை வெளியே அனுப்பப்பட்ட பிள்ளை பதினாறு வயதில் தானாக வெளியே போனால், சபையார் காலத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

குடும்பத்தோடு கூடும் முறை வெளிநாட்டுச் சரக்கு என்றும் சொல்லப்படுகிறது. போர்ட்ஸ்மவுத் அருகே கௌப்ளெய்னில் 2004இல் ஓர் ஆங்கிலிக்கன் சபை தொடங்கிய 'மெஸ்ஸி சர்ச்' உலகெங்கும் பரவியது உண்மை. கைவேலை, சிறிய ஆராதனை, பிறகு எல்லோருக்கும் சாப்பாடு என்பது அதன் முறை. ஆனால் திருநெல்வேலிச் சபைகளில் அசனம் என்ற பொதுவிருந்து போடுவது யாரிடம் இரவல் வாங்கியது? தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்கள் என்ற சிறு குழுக்கள் வீடுவீடாகக் கூடுகின்றனவே, அவற்றை யாரும் பங்குக்குப் போட்டியாகப் பார்ப்பதில்லை.

புரோத்ராபூரில் சிறைச்சாலை உண்டு. பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காவலன் நள்ளிரவில் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று, தன் வீட்டிலேயே பந்தி வைத்த கதையை இந்த ஊரார் மற்றவர்களைவிட நெருக்கமாகப் படிக்கலாம். இடமாற்றத்தில் வந்த அரசு ஊழியர், தினக்கூலிக்காரர், ராஞ்சிக்காரர், வங்காளி, தெலுங்கர், தமிழர் கலந்து வாழும் தீவு இது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி. பிரசங்க மேடையின் செந்தமிழ் அவர்கள் தலைக்கு மேலே போய்விடுகிறது. இங்கே தொடங்க இரண்டு மூன்று குடும்பங்கள் போதும். ஆண்டில் பாதிக்கு மேல் மழை பெய்வதால், கூரையுள்ள முற்றமோ கூடமோ வேண்டும். பகலில் முக்கால் மணி நேரம்; இரண்டு பாட்டு, அவற்றில் ஒன்று இந்தியில்; ஒரு வேதக் கதை, அதைப் பிள்ளைகள் நடித்துக் காட்டலாம்; கேள்வி கேட்க இடம்; எல்லோரும் கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவது. ஒலிபெருக்கி கூடவே கூடாது. பத்துப் பேருக்கு ஒலிபெருக்கி வைப்பது ஆராதனையல்ல, அக்கம்பக்கத்தாரோடு சண்டை.

தட்டிக்கழிக்க முடியாத ஆட்சேபமும் ஒன்று உண்டு. மேற்பார்வை இல்லாத கூட்டத்தில் தவறான உபதேசம் நுழையலாம், காணிக்கை ஒருவர் பைக்குள் போகலாம், பிள்ளைகளுக்குத் தீங்கு நேரலாம். பெரிய சபைகள் இந்த மூன்றிலிருந்தும் தப்பியவை அல்ல என்றாலும், பதில் சொல்லியே ஆக வேண்டும். கதவு திறந்தே இருக்கட்டும். பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும். காணிக்கை வாங்காமலே நடத்தலாம். வாங்கினால் கணக்கை அன்றே எல்லோர் முன்னிலும் வாசிக்க வேண்டும். திருமுழுக்கும் திருவிருந்தும் தாய்ச்சபையின் ஒழுங்குப்படியே நடக்கட்டும்.

மீதிப் பொறுப்பு சபைக் கமிட்டிகளுடையது. வீட்டுக் கூடுகைக்குப் போகிறவர்களை 'கோவிலுக்கு வராதவர்கள்' பட்டியலில் சேர்ப்பதை நிறுத்தி, மாதம் ஒருமுறை ஆயரை அந்த முற்றத்துக்கு அனுப்பிவைக்கட்டும்.