தூக்க மாத்திரை: எத்தனை நாளைக்கு?

தூக்கத்துக்காக டயசிபாம் மாத்திரையை எழுதித் தரும் மருத்துவர், அதை எப்போது, எப்படி நிறுத்துவது என்பதையும் அன்றே எழுதித் தர வேண்டும். பேராக் மாநிலத்தின் எல்லாக் கிளினிக்குகளிலும் இது கட்டாயமாக வேண்டும்.

மருந்தின் மீது நமக்குப் பகையில்லை. நிற்காத வலிப்பை அடக்குவதும், குடியை நிறுத்தியவருக்கு வரும் கடும் நடுக்கத்தைத் தணிப்பதும் இதுவே. 1963இல் வேலியம் என்ற பெயரில் வந்த இம்மருந்து, இன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் சில வாரங்கள் தினமும் விழுங்கினாலே உடல் அதற்குப் பழகிவிடும். முதியோர் உடலில் அது நெடுநேரம் தங்கும். இரவில் கழிப்பறைக்கு எழுபவர் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளலாம். சம்சு என்னும் மலிவு மதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம். அடிமையாக்கும் ஆபத்தைக் கட்டமிட்டு எச்சரிக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் உத்தரவிட்டது.

தெருவில் விற்கும் எரிமின் 5 என்ற போதை மாத்திரை பிடிபட்டால் செய்தியாகிறது. வீட்டு அலமாரியில் ஆண்டுக்கணக்கில் இருக்கும் தூக்க மாத்திரையை யாரும் கேட்பதில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவின் மலிவு விலை வீடுகளிலும் குடியேறிய முதியவர்களுக்குத் தூக்கம் கெடுவது முழங்கால் வலியாலும் தனிமையாலும். அதைச் சொல்லி மனநல மருத்துவரிடம் போகவும் கூச்சம். 1911 முதல் இயங்கும் உலு கிந்தா பஹாகியா மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தானின் பெயரையே நாம் ஏச்சாக்கி வைத்திருக்கிறோமே!

கிளினிக்கில் தரும் சிறு பிளாஸ்டிக் பையைப் பாருங்கள். மருந்தின் பெயர், தூங்குமுன் ஒன்று என மலாயில் ஒரு வரி. தமிழ் மட்டுமே படித்த பாட்டிக்கு அதுவும் எட்டாது. நோயாளியே கேட்கிறார் என்று மருத்துவர்கள் சொல்லலாம். ஆபத்தை யாரும் விளக்காததால்தான் அவர் கேட்கிறார்.

சுகாதார அமைச்சு மூன்றைச் செய்யட்டும். பையின் மேல் எத்தனை நாள் என்பதும் மது கூடாது என்பதும் தமிழிலும் அச்சாக வேண்டும். மறுமுறை மாத்திரை கேட்டு வருபவரிடம் தூக்கம் கெடும் காரணத்தை விசாரிக்க வேண்டும். நெடுநாள் உட்கொண்டவர்களுக்கு அளவைச் சிறுகச் சிறுகக் குறைக்கும் சிகிச்சை அரசு கிளினிக்குகளிலேயே கிடைக்க வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒன்று: இதைப் படித்துவிட்டு மாத்திரையை இன்றே தூக்கி எறியாதீர்கள். திடீர் நிறுத்தம் வலிப்பில் கொண்டுபோய் விடலாம். மருத்துவரிடம் பையோடு போய், எப்போது நிறுத்தலாம் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்வது அவர் கடமை.